சில்லுக்குள்ள என்ன இருக்கு?

போன வருசம் நாங்கள் நண்பர்கள் கொஞ்சப் பேர் காசு சேர்த்து ஒரு சக்கர நாற்காலி வாங்கி, வன்னியில் ஒரு வீட்டுக்குக் கொடுத்தோம். பனர் அடிச்சோம். படம் எடுத்தோம். முகநூலில போட்டோம். கீழ நிறையப் பேர் "வாழ்த்துக்கள்" எண்டு எழுதியிருந்தார்கள். எங்களுக்கும் சந்தோசம்தான்.

ஏழு மாதம் கழிச்சு ஒரு அசைன்மென்ட் வேலையாக அந்தப் பக்கம் போனபோது அந்த வீட்டுக்கும் போனேன். நாற்காலி விறாந்தையின் மூலையில் இருந்தது. அதுக்கு மேல தோய்த்துக் காய்ந்த உடுப்புகள். அக்கா கீழே பாயில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தா.

"குறை நினைக்காதேங்கோ தங்கச்சி. முன் சில்லு ரெண்டும் இறுகிப்போச்சு. உருட்டினா முன்னுக்குப் போகாம ஒரு பக்கமா இழுக்குது. மகள் பள்ளிக்கூடத்தால வந்தா முன்பக்கத்தைத் தூக்கித் தூக்கித் தள்ளுவாள். அவளும் பாவம்தானே."

2009 இல் முள்ளந்தண்டில் காயப்பட்டவ அவ. எங்களிடம் மன்னிப்புக் கேட்கிற தொனியில் கதைக்கிறா. எனக்கு நிமிர்ந்து பார்க்கவே வெட்கமாக இருந்தது. நாற்காலியின் கைப்பிடியில் சுத்தியிருந்த பொலித்தீன்கூட முழுசாக் கிழியேல்ல. சட்டம் மினுங்குது. பின்னால இருக்கிற பெரிய சில்லு ரெண்டும் நல்லாச் சுத்துது. முன்னால இருக்கிற ரெண்டு சின்னச் சில்லுகளுக்குள் இருக்கிற ஏதோ ஒண்டு வேலை செய்யாததால முழு நாற்காலியும் உடுப்பு போடுற இடமாகிவிட்டது.

அந்த "ஏதோ ஒண்டு" தான் பெயரிங். ஓ.எல்லோட கணக்கைக் கைகழுவிய ஒரு கலைப்பீடப் பிள்ளை பெயரிங் பற்றி ஏன் எழுதுகிறாள் எண்டு கேட்பவர்களுக்கு என் பதில் அந்த விறாந்தைதான்.

சந்தியில் ஒரு சைக்கிள் கடை இருக்கிறது. அங்கே ஸ்பானர் இரவல் வாங்கி, முன் சில்லு ரெண்டையும் ஃபோர்க்கோடு கழட்டிக் கொண்டு போனேன். கடைக்கார ஐயா சில்லைக் கையில் வாங்கி, காதுக்குக் கிட்ட வைத்து ஒருக்கா உருட்டிப் பார்த்தார்.

"சில்லு நல்லாத்தான் இருக்குப் பிள்ளை. பெயரிங்தான் செத்துப் போச்சு."

ஸ்குறூட்றைவரை ஒரு பக்கத்தால விட்டு, சுத்தியலால மெல்லத் தட்டினார். செம்மண் மாதிரித் துருத்தூள் கொட்ட, ஒரு சின்ன இரும்பு வளையம் வெளியே வந்தது. துணியால துடைத்து இலக்கத்தைக் காட்டினார். 608. உள்விட்டம் 8 மில்லிமீற்றர், வெளிவிட்டம் 22, தடிப்பு 7. ஸ்கேற்றிங் சப்பாத்துச் சில்லுக்குள் இருப்பதும் இதே சாமான்தான். எங்கே செய்தாலும் அளவு ஒண்டுதான் எண்டபடியால் ஒண்டு செத்தால் இன்னொண்டைப் போடலாம்.

ஒரு சில்லுக்கு ரெண்டு பெயரிங். ஃபோர்க்குக்கு மேல, நிமிர்ந்து நிற்கிற தண்டில் இன்னும் ரெண்டு. அப்ப ரெண்டு பக்கமும் சேர்த்து எட்டு. எட்டையும் மாற்றினோம். மொத்தச் செலவு, கையளிப்பு அண்டைக்கு நாங்கள் அடித்த பனரை விடக் குறைவு. அதைக் கணக்குப் பார்த்த பிறகுதான் இந்தக் கட்டுரையை எழுத வேணும் எண்டு நினைத்தேன்.

முதலில் விசயத்தை விளங்கிக்கொள்ளுவோம். தள்ளுகிற பக்கம் திரும்பக்கூடிய சின்னச் சில்லைக் காஸ்ரர் எண்டு சொல்லுவார்கள். சக்கர நாற்காலியின் முன் சில்லு, ஆசுப்பத்திரிக் கட்டில், கடை ரொலி, கணினிக் கதிரை எல்லாத்திலயும் அதுதான். அதில் ரெண்டு இடத்தில் சுழற்சி நடக்க வேணும். அச்சில் சில்லு உருள வேணும். மேலே தலைப்பகுதி இடம் வலம் திரும்ப வேணும். அச்சு எப்பவும் திரும்பும் தண்டுக்கு நேர் கீழே இராமல் கொஞ்சம் தள்ளி இருக்கும். அதால்தான் எந்தப் பக்கம் தள்ளினாலும் சில்லு பின்னால் இழுபட்டு அந்தப் பக்கம் திரும்புகிறது. தலை இறுகினால் சில்லு குறுக்க நிண்டு தரையில் தேயும். அக்காவின் நாற்காலி ஒரு பக்கமாக இழுத்ததற்குக் காரணம் இதுதான்.

அச்சுக்குள் என்ன போடுவது எண்டதில்தான் வகைகள் வருகின்றன.

முதலாவது, ஒண்டுமே போடாதது. சில்லில் ஒரு ஓட்டை, அதுக்குள்ளால ஒரு போல்ட், அவ்வளவுதான். ஆகவும் மலிவு. மாதத்துக்கு ஒருக்கா இழுத்துக் கூட்டுகிற அலுமாரிக்கு அது காணும். நாள் முழுக்க ஓடுகிற சாமானுக்குப் போட்டால் ஓட்டை தேய்ந்து நீள்வட்டமாகி, சில்லு ஆடத் தொடங்கும்.

ரெண்டாவது, புஷ். நைலோனிலோ வெண்கலத்திலோ செய்த ஒரு குழாய்த்துண்டு. வெண்கலத் தூளை அழுத்திச் சூடாக்கிச் செய்கிற வகையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். அதுக்குள்ள எண்ணெய் ஊறியிருக்கும். சுத்தச் சுத்த எண்ணெய் கசிந்து தானே மசகு போடும். நைலோனுக்குத் துரு பிடிக்காது. மீன் சந்தை மாதிரி உப்புத்தண்ணி ஓடுற இடத்தில், சாதாரண இரும்புக் குண்டு பெயரிங்கை விட நைலோன் புஷ் கனகாலம் நிற்கும். விலை கூடினதுதான் நல்லது எண்டு இதில கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஏலாது.

மூன்றாவது, ரோலர். அச்சைச் சுற்றிப் பென்சில் துண்டு மாதிரி உருளைகள் வரிசையாக நிற்கும். உருளை ஒரு கோடு முழுக்கப் பாரத்தைத் தாங்குவதால் மூட்டை ஏத்துற ரொலிக்கு நல்லது. அடி வாங்கினாலும் தாங்கும். ஆனால் கிறீஸ் கேட்கும். இந்த வகைச் சில்லுகளில் கிறீஸ் அடிக்க ஒரு சின்ன நிப்பிள் வைத்திருப்பார்கள். அதை ஒருக்காவும் தொட்டுப் பார்க்காத களஞ்சியங்கள் எத்தனையோ.

நாலாவது, குண்டு பெயரிங். எங்கட 608 இந்த வகை. உள்வளையம், வெளிவளையம், நடுவில் குண்டுகள். ஆக இலேசாக உருளும், சத்தமும் குறைவு. குண்டு ஒரு புள்ளியில்தான் தொடுகிறது. அதால் உரசல் குறைவு. அதுவே பலவீனமும். ரொலியைப் படியால் டப்பெண்டு விழுத்தினால் குண்டு வளையத்தில் சின்னப் பள்ளம் போட்டுவிடும். பிறகு கடகட எண்டு சத்தம் வரும்.

இந்த வகையில் இன்னொரு தெரிவும் இருக்கு. பக்கத்தை எதால் மூடுவது? தகட்டு மூடி உள்வளையத்தைத் தொடாது, நூல் அளவு இடைவெளி இருக்கும். இலேசாகச் சுத்தும், ஆனால் அந்த இடைவெளியால தண்ணியும் மணலும் போகும். றப்பர் சீல் வளையத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும். கொஞ்சம் இறுக்கம், ஆனால் பாதுகாப்பு. நாங்கள் கொடுத்த நாற்காலியில் இருந்தது தகட்டு மூடி. அக்காவின் முற்றம் மணல், குளிப்பது கிணத்தடியில். பளிங்குத் தரையில் ஓடவேண்டிய சாமானைக் கிணத்தடிக்குக் கொடுத்திருக்கிறோம். ஐயா இந்த முறை றப்பர் சீல் உள்ளதைத்தான் போட்டார்.

ஐந்தாவது, கூம்பு ரோலர். உருளைகள் ஒரு பக்கம் ஒடுங்கியிருக்கும். மேலிருந்து வாற பாரத்தையும் பக்கத்தால வாற தள்ளலையும் சேர்த்துத் தாங்கும். லொறிச் சில்லின் நடுவிலும், தொழிற்சாலைகளில் இழுத்துக்கொண்டு போகிற பெரிய வண்டில்களிலும் இருப்பது இது. அமெரிக்காவில் ஹென்றி டிம்கன் இதுக்குக் காப்புரிமை எடுத்தது 1898 இல்.

தலைப்பகுதியிலும் வகைகள் உண்டு. ஒரு வரிசைக் குண்டு வைத்தது, ரெண்டு வரிசை வைத்தது, நடு ஆணி உள்ளது, இல்லாதது. நடு ஆணி தளர்ந்த சில்லைச் சுப்பர்மார்க்கெட்டில் கண்டிருப்பீர்கள். வேகமாகத் தள்ளும்போது படபட எண்டு ஆடும் அந்த ஒரு சில்லு. ஆணி இல்லாத வகையில் பெரிய வளையமே எல்லாத்தையும் பிடித்துக்கொள்ளும். தளர்வதற்கு ஆணி இல்லை, அடியையும் கூடத் தாங்கும்.

இப்ப கொஞ்சம் கணக்கு. பொறியியல் படிக்கிற ஒரு நண்பன் எனக்குச் சொல்லித்தந்தது. வாட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற ஒரு ரொலி, சாமானோடு 200 கிலோ எண்டு வைப்போம். சில்லின் விட்டம் 100 மில்லிமீற்றர், அச்சு 12. காய்ந்த நைலோன் புஷ்ஷின் உராய்வுக் குணகம் சுமார் 0.2. 200 ஐ 0.2 ஆல் பெருக்கி, அச்சின் ஆரை 6 ஐச் சில்லின் ஆரை 50 ஆல் பிரித்து வருவதால் பெருக்கினால், அச்சு உரசலுக்கு மட்டும் 4.8 கிலோ தள்ள வேணும். துரு ஏறி இரும்பும் இரும்பும் உரசுகிறது, குணகம் 0.5 எண்டு வைத்தால் 12 கிலோ. நல்ல குண்டு பெயரிங் எண்டால் குணகம் சுமார் 0.0015. விடை 36 கிராம். சீலும் கிறீஸும் இழுப்பதைச் சேர்த்தால் கொஞ்சம் கூடும். சில்லின் றப்பரும் தரையும் தருகிற தடை எல்லா வகைக்கும் தனியாக இருக்கு. சில்லை ரெண்டு மடங்கு பெரிசாக்கினால் அச்சு உரசலுக்கான தள்ளல் பாதியாகும். இதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் வித்தியாசம் சின்ன வித்தியாசமில்லை.

அந்த 12 கிலோவை ஆர் தள்ளுகிறார்கள்? ரொலியை வாங்கக் கையெழுத்துப் போட்டவர் தள்ளுவதில்லை. கேள்விப்பத்திரத்தில் ஆகக் குறைந்த விலையைத் தெரிவு செய்தவர் தள்ளுவதில்லை. ஒரு நாளைக்கு மூன்று நேரம், வாட்டு வாட்டாகப் போகிற ஒரு அம்மா தள்ளுகிறா. வாங்கும்போது மிச்சம் பிடித்த காசு அவவின் தோளிலும் நாரியிலும் வட்டியோடு அறவிடப்படுகிறது. எந்தக் கணக்குப் புத்தகத்திலும் அது எழுதப்படுவதில்லை. "நாரி நோ" எண்டு அவ லீவு கேட்கும்போது அதுக்கும் சில்லுக்கும் தொடர்பு இருக்கெண்டு ஆரும் நினைப்பதுமில்லை.

உழைப்பு, உடல், சமத்துவமின்மை எண்டு விரிவுரைகளில் எவ்வளவோ கதைக்கிறோம். எங்கட கன்ரீனில் பாத்திர ரொலியின் ஒரு சில்லு இறுகிக் கிடப்பதை நாலு வருசமாகப் பார்த்துக்கொண்டு போகிறோம். அந்தச் சத்தம் எங்களுக்குப் பழகிவிட்டது. நானும் அப்பிடித்தான் இருந்தேன்.

ஒரு காலத்தில் இங்கே எல்லாருக்கும் பெயரிங் தெரிந்திருந்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணம் சைக்கிளில்தான் ஓடியது. விறகும் அதில்தான், நோயாளியும் அதில்தான். அப்பா இப்பவும் சொல்லுவார், சில்லைக் கழட்டி, குண்டுகளை ஒரு சிரட்டைக்குள் கொட்டி மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணிப் பார்த்து, கிறீஸ் வைத்துத் திருப்பிப் பூட்டுவார்களாம். ஒரு குண்டு மண்ணில் விழுந்தால் வீடே தேடுமாம். பழைய பெயரிங்கைப் பலகையில் பூட்டி வண்டில் செய்து ஓடிய கதையும் அவரிடம் இருக்கு. தடையை நான் ஏக்கத்தோடு சொல்லவில்லை. அந்தக் கஷ்டம் ஆருக்கும் வரக்கூடாது. ஆனால் ஒரு சாமானைத் திறந்து பார்த்துத் திருத்தலாம் எண்ட எண்ணம் அவர்களிடம் இருந்தது. எங்களிடம் இருப்பது வாங்குவதும், படம் எடுப்பதும், பழுதானால் மூலையில் வைப்பதும்.

திருத்தக்கூடிய நாற்காலி எண்ட யோசனை புதிசும் இல்லை. அமெரிக்கப் பொறியியலாளர் ரால்ஃப் ஹொட்ச்கிஸ் 1966 இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் நடக்க முடியாமல் போனவர். 1980 இல் நிக்கரகுவாவுக்குப் போய், அங்கே நாற்காலி பாவிக்கிறவர்களோடு சேர்ந்து வேலை செய்தார். பாவிக்கிற ஊரில் கிடைக்கிற பாகங்களால் செய்ய வேணும், அந்த ஊரிலேயே திருத்த ஏலவேணும் எண்டதுதான் அவர்கள் வைத்த அடிப்படை. 2008 இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட சக்கர நாற்காலி வழிகாட்டியும் இதைத்தான் சொல்கிறது. நாற்காலியைக் கொடுப்பதோடு வேலை முடியாது, ஆளுக்கும் இடத்துக்கும் பொருந்த வேணும், பராமரிப்பும் திருத்தமும் தொடர வேணும். நாங்கள் பனர் அடிக்க முதல் இதில் ஒரு பக்கமாவது வாசித்திருக்கலாம்.

"ஏதோ குடுக்கிறதே பெரிய விசயம், நீங்கள் குறை பிடிக்கிறியள்" எண்டு ஒரு நண்பன் வட்ஸ்அப் குறூப்பில் எழுதினான். அவன் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கு. கொடுக்காமல் இருப்பவர்களை விடக் கொடுப்பவர்கள் மேல்தான். ஆனால் ஓடாத நாற்காலி வீட்டுக்குள் வந்தால் அந்த வீட்டின் பெயர் "உதவி கிடைத்தவர்கள்" பட்டியலில் ஏறிவிடும். அடுத்த முறை வேற ஆரும் கொடுக்க வந்தால், "உங்களுக்குத்தானே ஏற்கெனவே தந்தாச்சு" எண்டு தாண்டிப் போவார்கள். அக்காவுக்கு அது நடந்திருக்கு. எங்கட நாற்காலி அவவுக்கு உதவாமல் போனதோடு நிற்காமல், வரவிருந்த இன்னொண்டையும் மறித்துவிட்டது.

அதனால் நாங்கள் இப்ப சில விசயங்களைப் பழக்கமாக்கப் பார்க்கிறோம். நீங்களும் உங்கட கழகத்தில், சனசமூக நிலையத்தில், கோயில் சபையில் நாற்காலியோ ரொலியோ வாங்கினால் கடையில் நாலு கேள்வி கேளுங்கோ.

சில்லுக்குள்ள என்ன பெயரிங்? "நல்ல பெயரிங்" எண்டு மட்டும் சொன்னால் விடாதேங்கோ, இலக்கத்தைக் கேளுங்கோ. அந்த இலக்கம் ஊர்ச் சைக்கிள் கடையிலோ மோட்டார் உதிரிப்பாகக் கடையிலோ கிடைக்குமா? அச்சு நட் போட்டுப் பூட்டினதா, கழட்ட ஏலாதபடி அடிச்சு இறுக்கினதா? மணல், தண்ணி, உப்புக்காற்று உள்ள இடமெண்டால் றப்பர் சீலோ துருப்பிடிக்காத வகையோ இருக்கா?

கொடுக்கும்போது நாற்காலியோடு ஒரு சின்னப் பையில் ஒரு சோடி முன் சில்லுக்குரிய பெயரிங்குகளும் ஒரு ஸ்பானரும் வையுங்கோ. மகளுக்கோ பக்கத்து வீட்டுத் தம்பிக்கோ கழட்டிப் பூட்டக் காட்டிக் கொடுங்கோ. அச்சில் சுத்துற தலைமயிரையும் நூலையும் மாதத்துக்கு ஒருக்கா வெட்டி எடுக்கச் சொல்லுங்கோ. அதுவே சீலைக் கிழித்துச் சில்லை இறுக்கும். ஆறு மாதம் கழித்து ஒருக்காப் போய்ப் பாருங்கோ, கமரா இல்லாமல்.

போன கிழமை அக்காவுக்குக் கோல் எடுத்தேன். நாற்காலி ஓடுகிறது. சந்திக் கடைக்குத் தானே போய்ச் சீனி வாங்கி வந்தாவாம். ஆனால் இடப்பக்கம் இன்னும் கொஞ்சம் இழுக்கிறதாம். ஏழு மாதம் இறுகின சில்லோடு தூக்கித் தள்ளினதில் அந்தப் பக்க ஃபோர்க் வளைந்திருக்க வேணும் எண்டு ஐயா சொல்கிறார். அதைக் கழட்டி நிமிர்த்த வாற மாதம் போகிறோம். ஸ்பானர் இந்த முறை எங்களிடமே இருக்கு.